ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு பி.எம்.ஐ. பாருங்க

போன மாதம் காசு போடும் மெஷினில் ஏறினால் ரெண்டு கிலோ கூடியிருந்தது. பதறிப்போய் வீட்டுக்கு வந்து ஜெர்கின், ஷூ, பையிலிருந்த வர்க்கிப் பொட்டலம் எல்லாவற்றையும் தனியாக நிறுத்துப் பார்த்தேன், அந்த ரெண்டு கிலோ அங்கேதான் இருந்தது.

பி.எம்.ஐ. என்பது உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று காட்டும் ஓர் எண், அதற்கு எடை சரியாக இருக்கணும். கோத்தகிரி குளிரில் கஷ்டம்தான், ஆனாலும் காலையில் வெறும் வயிற்றில், மெல்லிய துணியோடுதான் எடை பார்க்க வேண்டும். மெஷினைக் கம்பளி விரிப்பின்மேல் வைக்காதீர்கள், சமமான தரை வேண்டும் (லைன் வீடுகளில் அதைத் தேடித்தான் பிடிக்கணும்). உயரத்துக்கு, செருப்பில்லாமல் குதிகால் சுவரில் படும்படி நின்று, தலைமேல் ஒரு நோட்டை மட்டமாக வைத்து யாரையாவது பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள்.

அப்புறம் போன் கால்குலேட்டரில் எடையை மீட்டர் கணக்கு உயரத்தால் ரெண்டு தடவை வகுத்தால் போதும், அதுதான் பி.எம்.ஐ. எங்கள் சித்தி 60 கிலோ, 157 சென்டிமீட்டர்: 60 ÷ 1.57 ÷ 1.57, வருவது 24.3. உலக அளவிலான அட்டவணையில் 18.5 முதல் 24.9 வரை நார்மல் என்பதால் சித்திக்கு ஒரே சந்தோஷம். ஆனால் நம் ஆட்களுக்கு அதே எடையிலேயே கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றில் சேரும், சர்க்கரையும் சீக்கிரம் வருகிறது. அதனால் இந்திய மருத்துவர்கள் 23 தொட்டாலே அதிக எடை, 25 தொட்டால் உடல் பருமன் என்கிறார்கள்.

சரி, பக்கத்து வீட்டு அண்ணன் தேயிலை மூட்டை தூக்குகிறவர், 68 கிலோ, 168 சென்டிமீட்டர், அவருக்கும் 24.1 வருகிறது. வயிறு ஒட்டிக் கிடக்கும், இருப்பதெல்லாம் தசை. 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்துக்காரர் கெட்லே இந்தக் கணக்கைப் போட்டதே மக்கள்கூட்டத்தின் சராசரியைப் பார்க்கத்தான், அதற்கு சித்தியும் அண்ணனும் ஒன்றுதான்.

அதனால் இடுப்பையும் அளந்துவிடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின், வயிற்றை எக்காமல் (சித்தி எக்கினார்!). பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரைத் தாண்டினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் பிரஷரும் பார்த்துவிடுங்கள், மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வருகிறவர்களிடமும் கேட்கலாம். பி.எம்.ஐ. 18.5க்குக் கீழே வந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இந்த எல்லைகள் பொருந்தாது, பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ற தனி அட்டவணை இருக்கிறது.

டேப் இல்லையா? ஒரு கயிற்றைச் சுற்றி, முடிச்சுப் போட்டு, பிள்ளைகளின் ஸ்கேலில் வைத்து அளந்துகொள்ளுங்கள்.