வீடு கட்ட முதல் அதன் காபனை எண்ணிப் பார்ப்போம்: திருகோணமலையிலிருந்து ஒரு செய்முறை

வீடு கட்ட முதல் எத்தனை பை சீமெந்து போகும் என்று மேசனிடம் கேட்கிறோம். அந்தச் சீமெந்தால் காற்றில் எவ்வளவு காபனீரொட்சைட்டு சேரும் என்பதையும் வீட்டு வரைபடத்திலிருந்தே எடுக்கலாம். கணினியும் ஒரு சனிக்கிழமையும் போதும்.

படி 1: ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண வரைதல் மென்பொருளின் இலவச இணையப் பதிப்பைத் திறந்து, அளவை மீற்றருக்கு மாற்றி, தளம், சுவர், கூரையை மட்டும் வரையுங்கள். கதவுப்பிடி வரைந்து நேரத்தை வீணாக்க வேண்டாம். பச்சை அச்சுதான் வடக்கு. அதைக் கவனிக்காமல் நான் வீதியைப் பார்த்தபடி வரைந்ததில், குசினிக்குள் விழவேண்டிய பின்னேர வெயில் படுக்கையறைக்குள் விழுந்தது.

படி 2: கூரைத் தட்டு, சுவர், தூண் ஒவ்வொன்றையும் தனித்தனிக் குழுவாக்குங்கள். குழுவைத் தெரிவுசெய்தால் அதன் கன அளவு தெரியும். தெரியாவிட்டால் எங்கோ ஒரு பக்கம் மூடப்படவில்லை.

படி 3: இனிக் கணக்கு. உப்புவெளியில் 10 மீற்றருக்கு 8 மீற்றர் வீடு, 125 மில்லிமீற்றர் தடிப்பில் கொங்கிறீற் கூரைத் தட்டு என்று வைப்போம். கன அளவு 10 கன மீற்றர். 1:2:4 (சீமெந்து, மணல், கல்) கலவையில் கன மீற்றருக்குச் சுமார் 320 கிலோ சீமெந்து. ஆக 3200 கிலோ, அதாவது 50 கிலோ பையில் 64 பை. சாதாரண சீமெந்து கிலோவுக்கு ஏறத்தாழ 0.9 கிலோ காபனீரொட்சைட்டு. தட்டின் சீமெந்துக்கு மட்டும் கிட்டத்தட்ட 2.9 தொன்! கம்பி, மணல், லொறி இன்னும் சேரவில்லை.

சீனக்குடாப் பக்கம் அரைக்கிற சீமெந்துதானே, இங்கே சூளைப் புகையே இல்லையே என்பீர்கள். சீமெந்தாக அரைக்கப்படும் சுட்ட கட்டியான கிளிங்கர் கப்பலில் வருகிறது; புகை அது சுடப்பட்ட இடத்தில் போய்விட்டது. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே வெளியேறும் வாயுதான் அதில் பாதிக்கு மேல். கணக்கில் அதை விடமுடியாது.

படி 4: வெயில். ஸ்கெட்ச்அப்பின் நிழல் வசதியை இயக்கித் திகதியை நகர்த்துங்கள். இடமாகத் திருகோணமலையை (8.6 பாகை வட அகலக்கோடு) கொடுங்கள். சித்திரை வருடப்பிறப்பையொட்டி நடுப்பகல் சூரியன் உச்சியில் நிற்கும். அதன்பின் ஆகஸ்ட் கடைசி வரை வடக்குப் பக்கம்தான். தெற்குக்கு மட்டும் சன்னல் மறைப்பு வைத்தால் போதாது. கச்சான் காற்று வீசும் காலத்து மேற்கு வெயில்தான் மிகக் கொடியது.

படி 5: மின்சாரக் கணக்குக்கு எனர்ஜிபிளஸ் என்ற மென்பொருள் நல்லது, இலவசம், ஆனால் தொடக்கத்திலேயே அதில் கைவைத்தால் வெறுத்துப்போகும். எட்ஜ் என்ற இணையக் கருவியில் நாடு இலங்கை எனத் தெரிந்து, அளவுகளை நிரப்புங்கள். வலு, தண்ணீர், கட்டடப் பொருள் மூன்றிலும் வழமையான கட்டடத்தைவிட 20 வீதம் குறைப்பதே அதன் அடிப்படை இலக்கு.

இனி ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஒப்பிடுங்கள்: நிலக்கரிச் சாம்பல் கலந்த சீமெந்து, பிறகு ஓட்டுக்கூரை. ஓடு காபனில் வெல்லக்கூடும். ஆனால் திருகோணமலையைத் தாக்கிய 1964 புயலைக் கண்டவர்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், தட்டுத்தான் வேண்டும் என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. தட்டுத்தான் என்று முடிவானால், மொடலில் அதன் தடிப்பைக் குறைத்துப் பார்க்க ஆசை வரும். பொறியியலாளரிடம் கேட்காமல் மட்டும் குறைக்காதீர்கள்.