பழைய சூப்பர்ஹீரோ காமிக்ஸ் சேக்கணுமா? முதல்ல பேப்பரைப் பாக்கக் கத்துக்கோங்க

மாசத்துக்கு ரெண்டு பேராவது கேக்கறாங்க, "அண்ணா, நானும் பழைய சூப்பர்மேன் பேட்மேன் காமிக்ஸ் வாங்கி வைக்கலாம்னு இருக்கேன், எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?"ன்னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குது, அதனால இங்கயே மொத்தமா எழுதிடறேன். நியூஜெர்சி வந்து 11 வருஷமாச்சு, அதுல 8 வருஷமா இந்தக் கிறுக்கு இருக்கு, ஏமாந்தும் இருக்கேன், அதையும் சொல்றேன்.

கேக்கறவங்க எல்லார் மனசுலயும் இருக்கறது ஒரே புக்குதான். 1938 ஜூன் மாசம்னு போட்டு வந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் 1ஆம் நம்பர், சூப்பர்மேன் பச்சைக் காரைத் தலைக்கு மேல தூக்கிட்டு நிப்பாரே அந்த அட்டை. அன்னிக்கு விலை 10 சென்ட். சுமார் 2 லட்சம் காப்பி அடிச்சாங்க, இன்னிக்கு மிச்சம் இருக்கறது ஒரு 100 இருக்கும்ங்கறது எல்லாரும் சொல்ற கணக்கு. 2024ல ஒரு காப்பி 60 லட்சம் டாலருக்கு ஏலம் போச்சு. சூப்பர்மேனை உருவாக்கின ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் மொத்த உரிமையையும் 130 டாலருக்கு எழுதிக் குடுத்தாங்க, அந்த 130 டாலரும் சேர்த்து அவங்களுக்குக் குடுத்த செக் இருக்கு பாருங்க, அந்தத் துண்டுப் பேப்பரே 2012ல 1,60,000 டாலருக்கு போச்சு. என்ன சொல்ல.

சரி, அந்தப் புக்கை மறந்துடுங்க. 1939 மே டிடெக்டிவ் காமிக்ஸ் 27, அதான் பேட்மேன் முதல்ல வந்தது, அதையும் மறந்துடுங்க. ஹிட்லர் மூஞ்சில குத்து விடற கேப்டன் அமெரிக்கா 1, வொண்டர் வுமன் முதல்ல தலைகாட்டின ஆல் ஸ்டார் 8, இதெல்லாம் வீடு விக்கற விலை. அதுக்காக 1940கள்ல வந்த நிஜப் புக்கு நம்ம கைக்கு எட்டாதுன்னு கிடையாது, நல்லாவே எட்டும். ஆளுங்க தப்பு பண்றது என்னன்னா முதல் புக்கே பெரிய நம்பரா, பளபளன்னு இருக்கணும்னு போய் விழுவாங்க.

இந்தப் பழைய புக்கெல்லாம் ஏன் அரிதாச்சுன்னு புரிஞ்சாதான் வாங்கறப்ப எதைப் பாக்கணும்னு புரியும். முதல் காரணம் பேப்பர். மரக்கூழ்ல அடிச்ச மலிவான நியூஸ்பிரின்ட், அதுல இருக்கற லிக்னின் காத்து பட்டு வெளிச்சம் பட்டு அமிலமாகி தாளை உள்ளேர்ந்தே தின்னுடும், முதல்ல மஞ்சள், அப்புறம் பழுப்பு, கடைசில அப்பளம் மாதிரி தொட்டா நொறுங்கும். ரெண்டாவது, ரெண்டாம் உலகப்போர் டைம்ல நாட்டுக்காகப் பழைய பேப்பர் சேக்கறோம்னு தெருத் தெருவா பசங்களே வாங்கிட்டுப் போனாங்க, நம்ம ஊர்ல எடைக்குப் போடற மாதிரிதான், ஆனா தேசபக்தியோட. மிச்சம் இருந்ததுல கொஞ்சத்தை 40கள் கடைசில, காமிக்ஸ் பிள்ளைங்களைக் கெடுக்குதுன்னு சொல்லி ஊர்ஊரா தீ வெச்சு கொளுத்தினாங்க. எல்லாம் தப்பிச்சதை அம்மாமார்கள் வீடு ஒழிக்கும்போது தூக்கிப் போட்டாச்சு. எங்கம்மா என் முத்து காமிக்ஸ் கட்டைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டதுக்கு நான் இன்னும் மன்னிக்கல, அது வேற கதை.

அதனால இந்தப் புக்குகள்ல ரெண்டு கேள்விதான் முக்கியம். முழுசா இருக்கா? யாராவது கை வெச்சிருக்காங்களா? அழகா இருக்காங்கறது மூணாவது.

முழுசா இருக்கான்னு பாக்கறது எப்படின்னா, ஆரம்ப கால புக்குல அட்டை போக உள்ள 64 பக்கம் இருக்கும். பெரிய தாளை நடுவுல மடிச்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி பின் அடிச்சிருப்பாங்க, ஒரு மடிப்புக்கு 4 பக்கம், ஆக 16 மடிப்பு இருக்கணும். போர் நடுவுல பேப்பர் தட்டுப்பாடு வந்து கம்பெனிக்கு ஒரு கணக்குல பக்கம் குறைஞ்சுட்டே வந்துச்சு, அதனால நம்பரைப் போட்டு கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ்ங்கற வெப்சைட்ல தேடினா அந்த இதழுக்கு எத்தனை பக்கம்னு வந்துடும். அங்க அட்டையோட 4 பக்கத்தையும் சேர்த்து 68ன்னு போட்டிருப்பாங்க, நாலு பக்கம் காணோம்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போயிடாதீங்க (நான் போனேன்). நடுத்தாள் மட்டும் தனியா கழண்டு தொலைஞ்சு போறது சகஜம், கதை திடீர்னு தாவுதான்னு படிச்சே பாருங்க. அப்புறம் கடைசிப் பக்க விளம்பரங்கள்ல கூப்பன் வெட்டிருப்பான், அந்தக் காலத்துப் பையன் ஒருத்தன் மேஜிக் மோதிரம் வேணும்னு 10 சென்டோட வெட்டி அனுப்பிருப்பான், பின்னாடி பக்கம் கதையில ஒரு சதுர ஓட்டை இருக்கும். ஒரு பக்கம் விடாம புரட்டணும், வேற வழி இல்ல.

இப்ப கை வெச்ச விஷயம். 70, 80கள்ல பழைய காமிக்ஸை "சரி பண்றது" பெரிய சேவை மாதிரி நடந்துச்சு, அட்டையில கலர் போன இடத்துல பெயின்ட் அடிக்கறது, கிழிஞ்ச இடத்துல ஜப்பான் பேப்பர் ஒட்டறது, ஓரம் நைஞ்சிருந்தா பிளேடு போட்டு சீவறது. இன்னிக்கு மார்க்கெட்ல அதுக்கு நேர்மாறு, அடிச்ச கலர் தெரிஞ்சா விலை பாதியாவோ அதுக்கும் கீழயோ போயிடும். என் ரெண்டாவது புக்கு அப்படித்தான். ஒரு ஹோட்டல் ஹால்ல நடந்த சின்ன காமிக்ஸ் ஷோவுல வாங்கினேன், 1942ஆம் வருஷத்துப் புக்கு, ஸ்பைன், அதாவது பின் அடிச்ச முதுகு ஓரம், கருகருன்னு ஒரு கோடு இல்லாம இருந்துச்சு, விக்கறவர் "ஒரிஜினல் பாஸ், யாரும் தொட்டதில்ல"ன்னாரு, நானும் 80 வருஷத்துப் புக்குல மடிப்புக் கோடு ஒண்ணுகூட இல்லையேன்னு யோசிக்காம 400 டாலர் குடுத்துட்டேன். வீட்டுக்கு வந்து அட்டையைத் திறந்து உள்பக்கம் டார்ச் அடிச்சா ஸ்பைன் நெடுக கறுப்பா ஊறி இறங்கியிருக்கு. மார்க்கர் பேனா!

அதுலேர்ந்து நான் பண்றது: 10 மடங்கு பெருசா காட்டற லூப் ஒண்ணு பாக்கெட்ல இருக்கும். அச்சுல வந்த கலர்னா லூப்ல புள்ளி புள்ளியா தெரியும், கையால அடிச்சதுன்னா புள்ளி இல்லாம குளம் மாதிரி நிக்கும், இல்லேன்னா நார்ல ஊறிப் பரவியிருக்கும். அட்டையோட உள்பக்கத்தை கண்டிப்பா பாருங்க, எல்லா ரகசியமும் அங்கதான் இருக்கு. மூணு ஓரத்தையும் பக்கவாட்டுல பாருங்க, உள்தாள் பழுப்பா இருந்தும் ஓரம் மட்டும் புதுசா வெட்டின மாதிரி வெளிறி இருந்தா சீவியிருக்கான். பின் பளபளன்னு இருக்கு ஆனா ஓட்டையைச் சுத்தி துருக்கறை இருக்குன்னா பின்னை மாத்தியிருக்கான். ஒரு சின்ன புறஊதா டார்ச்சும் வெச்சுக்கோங்க, 1940கள் பேப்பர்ல வெள்ளையாக்கற ரசாயனம் கிடையாது, அதனால மங்கலாத்தான் தெரியும், பின்னாடி ஒட்டின புதுப் பேப்பர் இருந்தா நீலமா ஜொலிக்கும். கடைக்காரர் முன்னாடி இதெல்லாம் எடுத்து வைக்க கூச்சமா இருக்கும், இருக்கட்டும், நல்ல டீலர் கோவிச்சுக்க மாட்டார், கோவிச்சுக்கறவர்கிட்ட வாங்கவே வேணாம்.

டூப்ளிகேட்ல பெரிய ஆபத்து யாரோ கள்ளத்தனமா அடிச்சது இல்ல, கம்பெனியே அடிச்ச ரீப்ரின்ட்தான். 1974லேர்ந்து டிசி கம்பெனி பெரிய சைஸ்ல ஃபேமஸ் ஃபர்ஸ்ட் எடிஷன்னு ஆக்‌ஷன் 1, டிடெக்டிவ் 27 எல்லாத்தையும் உள்ள இருக்கற விளம்பரம் உட்பட அப்படியே திரும்ப அடிச்சாங்க. வெளி அட்டையைக் கழட்டிட்டா உள்ள பழைய அட்டை அதே 10 சென்ட் விலையோட நிக்கும். தாத்தா பெட்டியில கிடைச்சுதுன்னு வர்றதுல பாதி அதுதான். ஸ்கேல் போதும்: நிஜப் புக்கு சுமார் ஏழே முக்கால் இன்ச் அகலம், பத்தரை இன்ச் உயரம், இந்த ரீப்ரின்ட் அதைவிட நல்லா பெருசு. 1988ல சூப்பர்மேனோட 50ஆவது வருஷத்துக்காக வந்த ரீப்ரின்ட்ல 50 சென்ட்னே போட்டிருக்கும், அதையும் நம்பி மெசேஜ் அனுப்பறவங்க இருக்காங்க.

கிரேடிங் கம்பெனி பத்தி. 2000த்துல ஆரம்பிச்ச சிஜிசிதான் இதுல பெருசு, புக்கைப் பாத்து 0.5லேர்ந்து 10 வரைக்கும் மார்க் போட்டு பிளாஸ்டிக் டப்பாவுல அடைச்சுக் குடுப்பாங்க, அதைத்தான் ஸ்லாப்புன்னு சொல்றது. நீல லேபிள்னா யாரும் கை வெக்கல, ஊதா லேபிள்னா சரி பண்ணது, பச்சைன்னா ஏதோ ஒரு குறை தனியா குறிப்பிட்டிருக்கு. மார்க் மட்டும் பாக்காதீங்க, பக்கத்துலயே தாள் என்ன நிறம்னு எழுதியிருக்கும், பிரிட்டில்னு போட்டிருந்தா அப்பளம்னு அர்த்தம், எவ்வளவு அழகா இருந்தாலும் நான் தொட மாட்டேன். லேபிள்ல இருக்கற நம்பரை அவங்க சைட்ல போட்டு அதே புக்குதானான்னு பாத்துக்கோங்க. என் சொந்தக் கருத்து, விக்கற எண்ணம் இல்லாம வெச்சு படிக்கணும்னா ஊதா லேபிள்தான் ஏழைக்கேத்த எள்ளுருண்டை, எல்லாரும் வேண்டாம்னு ஒதுக்கறதால அசல் 1940 புக்கு பாதி விலைக்கு வரும்.

அப்ப எதை வாங்கறது? நான் சொல்றது ஃபாசெட் கம்பெனியோட கேப்டன் மார்வெல் அட்வென்சர்ஸ். அதாங்க ஷசாம்னு கத்தினா இடி விழுந்து பெரிய ஆளாவானே அந்தப் பையன், முதல்ல வந்தது 1940 விஸ் காமிக்ஸ் 2ல. (1ஆம் நம்பர் கடைக்கே வரல, தேடாதீங்க.) ஒரு காலத்துல சூப்பர்மேனையே விற்பனையில தூக்கி சாப்பிட்டான், 1944ல மட்டும் 1 கோடியே 40 லட்சம் காப்பி வித்துச்சு, அவ்வளவு அடிச்சதால நடு நம்பர்கள் இன்னும் கிடைக்குது, ஓரம் நைஞ்ச அடிமட்ட கிரேடு சில சமயம் 100 டாலர் பக்கமே மாட்டும். சி. சி. பெக் வரைஞ்ச கோடு, அவ்வளவு சுத்தமா இருக்கும். அட்டையே இல்லாத புக்கும் நல்ல பாடப்புத்தகம், பத்து புரட்டினா கைக்கு பேப்பர் பழகிடும். டொரன்டோ பக்கம் இருக்கறவங்களுக்கு இன்னொண்ணு, 1940 டிசம்பர்ல கனடா அமெரிக்க காமிக்ஸ் இறக்குமதியை நிறுத்தினதும் அங்கயே கறுப்பு வெள்ளையில அடிக்க ஆரம்பிச்சாங்க, நெல்வானான்னு ஒரு பெண் சூப்பர்ஹீரோ 1941ல வொண்டர் வுமனுக்கு முன்னாடியே வந்தாச்சு. ரொம்ப அரிது, ஆனா தேடற ஆளும் கம்மி.

விலைக்கு ஓவர்ஸ்ட்ரீட் கைடுங்கற விலைப் பட்டியல் புத்தகம் 1970லேர்ந்து வருது, நம்பர் விவரத்துக்கு பிரமாதம், ஆனா விலைக்கு ஈபேயில வித்து முடிஞ்சதுன்னு வர்ற பட்டியலையும் ஹெரிடேஜ் ஏலக் கம்பெனியோட பழைய ரிசல்ட்டையும் பாருங்க, கேக்கற விலையைப் பாக்காதீங்க, கேக்கறதுக்கு என்ன. ஏலத்துல வாங்கறவர் கமிஷன் 20 சதவீதம் பக்கம் மேல ஏறும், 500க்கு கை தூக்கினா 600 எடுத்து வைக்கணும்.

வாங்கியாச்சுன்னா சாதா பிளாஸ்டிக் கவர்ல போட்டு மூடாதீங்க. மைலார்ங்கற பாலியஸ்டர் கவர், பின்னாடி அமிலம் இல்லாத அட்டை, ரெண்டுமே கோல்டன் ஏஜ் (இந்த 1940கள் காலத்துப் புக்குக்கான) சைஸ்னு கேட்டு வாங்குங்க, இப்ப வர்ற சைஸ்ல திணிச்சா ஓரம் போச்சு. செங்குத்தா நிக்க வைங்க, வெளிச்சம் வேணாம், அடித்தளத்து அறை வேணவே வேணாம், ஈரம். 2024ல வட கலிஃபோர்னியாவுல மூணு சகோதரர்கள் செத்துப்போன அம்மாவோட பரண்ல ஒரு அட்டைப்பெட்டியில சூப்பர்மேன் 1ஆம் நம்பரைக் கண்டுபிடிச்சாங்க, மேல பழைய நியூஸ்பேப்பர் கிடந்துச்சு, அவ்வளவுதான் பாதுகாப்பு, அந்த ஊர் குளிர்ச்சியும் இருட்டும் பாத்துக்கிச்சு. 9.0 கிரேடு, 2025 நவம்பர்ல 91 லட்சம் டாலருக்கு மேல போச்சு. சென்னையில வெச்சுக்கறவங்க அந்தப் பரண் தைரியத்துல இருக்காதீங்க, சிலிக்கா ஜெல் பாக்கெட், மூடின பெட்டி, ஆறு மாசத்துக்கு ஒருதரம் வெள்ளிப்பூச்சி இருக்கான்னு திறந்து பாக்கணும்.

அந்த மார்க்கர் அடிச்ச 1942 புக்கை நான் விக்கல. புதுசா கேக்க வர்றவங்க கையில அதைத்தான் முதல்ல குடுத்து, லூப்பையும் குடுத்து, எங்க தப்புன்னு கண்டுபிடிங்கன்னு விட்டுடுவேன். போன வாரம் ஒரு தம்பி வந்தாரு, 20 நிமிஷம் உக்காந்து பாத்துட்டு ஸ்பைனைச் சொன்னாரு, அதோட நிறுத்தாம 8ஆவது மடிப்பைப் பிரிச்சு "அண்ணா, இது வேற காப்பிலேர்ந்து எடுத்து சொருகின தாள், நிறம் பாருங்க"ன்னாரு. நான் இத்தனை வருஷம் பாக்கல.