ஆற்றுத் திட்டில் இறங்க எந்தக் கிட் விமானம்?

கிட் விமானம், அதாவது பாகங்களாக வாங்கி நாமே கட்டும் விமானம், வாங்க நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை அடியில் இறங்கும்?" என்பதைத்தான். நான் பதிலுக்குக் கேட்பது, "எத்தனை கிலோவோடு?" அலாஸ்காவில் பால்மர் ஊர்ப் பக்கம் ஒரு ஹேங்கரில் மெக்கானிக்காக இருக்கிறேன். சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களோடு முதல் ரிவெட்டிலிருந்து கடைசியில் எடை போடுவது வரை கூட நிற்பது என் வேலையில் பாதி. ரன்வே இல்லாத இடத்தில், ஆற்று நடுவிலுள்ள கூழாங்கல் திட்டிலோ மலையடிப் புல்வெளியிலோ இறங்கி ஏற எந்தக் கிட் சரிப்படும் என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இதே அலாஸ்காவின் வால்டீஸ் துறைமுக ஊரில் ஆண்டுதோறும் மே மாதம் குறுந்தூரத்தில் இறங்கும் போட்டி நடக்கிறது. சுமார் பத்தடிக்குள் விமானத்தை நிறுத்திக் காட்டியவர்கள் உண்டு. பார்க்கவே மெய்சிலிர்க்கும். ஆனால் அது கடல் மட்டத்தில், எதிர்க்காற்று முகத்தில் அடிக்க, ஒரே ஆள், தொட்டியில் கொஞ்சம் எரிபொருள், கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிவிட்டுச் செய்வது. நீங்கள் நண்பரையும் கூடாரத்தையும் ஏற்றிக்கொண்டு போகும்போது அதே விமானம் வேறு விமானம். விளம்பரத்தில் உள்ள அடிக்கணக்கை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

ஏற்ற வேண்டியதை முதலில் எழுதுங்கள். இங்கே சட்டமே பாதிப் பட்டியலைப் போட்டுக் கொடுத்திருக்கிறது. ஏறும் ஒவ்வொருவருக்கும் ஒரு வாரத்துக்கான உணவு, தலைக்குக் கொசுவலை. விமானத்துக்குக் கோடரி, முதலுதவிப் பெட்டி, தூண்டில் முள்ளும் நரம்பும், கத்தி, நெருப்பு மூட்ட ஏதாவது, உதவி கேட்டு அடையாளம் காட்டும் சாதனம் இரண்டு. அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 1 வரை இவற்றோடு பனியில் புதையாமல் நடக்க உதவும் அகலக் காலணியும் தூக்கப்பையும் சேரும். அதற்கு மேல் உங்கள் சாமான். எல்லாவற்றையும் வீட்டுத் தராசில் வைத்து எடை போடுங்கள். மனக்கணக்கு வேண்டாம்.

இப்போது ஒரு கணக்கு. மொத்த எடை வரம்பு 600 கிலோ உள்ள இருவர் விமானம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெற்று எடை 360 கிலோ என்று நிறுவனம் சொல்லும். பெரிய டயர், கனத்த வால் சக்கரம், ரேடியோ, அவசர பீக்கன், பெயின்ட், ஹீட்டர் எல்லாம் ஏறி முடிந்தால் 400-ஐத் தொடும். மீதி 200. குளிர் உடுப்போடு ஆளுக்கு 85 கிலோ என்றால் இருவருக்கு 170 போய்விட்டது. எஞ்சிய 30 கிலோவில் 40 லிட்டர் எரிபொருள்தான் பிடிக்கும். நூறு குதிரைத்திறன் என்ஜினுக்கு அது இரண்டு மணி நேரம். சாப்பாட்டுப் பெட்டிக்கும் கோடரிக்கும் இடமே இல்லை. இரண்டு சீட் இருப்பதால் இருவர் போகலாம் என்று எண்ணி வாங்கிவிட்டுத் தனியாகவே பறக்கும் பலரை எனக்குத் தெரியும்.

அதனால் வாங்குமுன் கேட்க வேண்டியது, நிறுவனத்தின் வெற்று எடை அல்ல. அதே கிட்டைக் கட்டி முடித்துப் பறக்கிற நாலைந்து பேரிடம் எடைத் தாளைக் கேட்டு வாங்குங்கள். மறைக்க அதில் ஒன்றுமில்லை, தருவார்கள். எடை போடுவது எப்படி என்று தெரிந்தால் அந்தத் தாளை நம்பலாமா என்பதும் தெரியும். விமானத்தை மூன்று தராசுகளில் ஏற்றுவோம். வாலைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, கதவுச் சட்டத்தின் கீழ்க் கம்பியில் ரசமட்டத்தை வைத்து, குமிழ் நடுவுக்கு வரும்வரை வாலை ஏற்றி இறக்குவோம். ஹேங்கர் கதவைச் சாத்திவிட வேண்டும். காற்றடித்தால் இறக்கை கொஞ்சம் தூக்கி எண்ணைக் கெடுத்துவிடும். வாலின் கீழுள்ள தராசு சொல்லும் எண்தான் எனக்கு முக்கியம். பின்பக்கம் ஏற்கெனவே கனமாக இருந்தால், சாமான் அறையில் இன்னும் எவ்வளவு வைக்கலாம் என்பதை அது அங்கேயே சொல்லிவிடும். தாளில் மூன்று எண்களும் தனித்தனியாக இல்லாமல் மொத்தம் மட்டும் இருந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள்.

எடைக்கு இவ்வளவு மன்றாடுவதற்குக் காரணம் இருக்கிறது. எடை கூடினால் ஸ்டால் வேகம், அதாவது இறக்கை விமானத்தைத் தாங்கக்கூடிய மிகக் குறைந்த வேகம், கூடும். வேகம் கூடினால் நிறுத்த வேண்டிய ஆற்றல் அந்த வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 35 மைலில் தரை தொடுவதற்கும் 45 மைலில் தொடுவதற்கும் வித்தியாசம் வெறும் பத்து மைல், ஆனால் பிரேக் தின்ன வேண்டிய ஆற்றல் 65 சதவீதம் அதிகம். ஈரக் கூழாங்கல்லில் பிரேக் என்ன பிடித்துவிடும்?

அடுத்து சக்கரமும் அதைத் தாங்கும் கால்களும். இங்கேதான் நல்ல கிட்டும் சுமாரான கிட்டும் பிரிகின்றன. கரடுமுரடான தரைக்கு வால் சக்கர விமானம்தான் என் தேர்வு. மூக்குச் சக்கரம் மணலில் புதைந்தால் விமானம் முன்னால் குனியும், புரொப்பெல்லர் தரையைத் தொடும். வால் சக்கரம் ஓட்டத் தனிப் பயிற்சியும் பயிற்சியாளரின் கையெழுத்தும் வேண்டும். அந்தப் பயிற்சியைக் கிட் வாங்கும் முன்பே முடித்துவிடுங்கள். உங்களுக்கு அது ஒத்துவருமா என்பது அப்போது தெரிந்துவிடும்.

முன் சக்கரங்களுக்கு 31 அங்குல டன்ட்ரா டயர் போட இடமிருக்கிறதா என்று பாருங்கள். குறைந்த காற்றழுத்தத்தில் ஓடும் இந்த மெத்தை டயர் தலையளவு கல்லின் மேலும் ஏறிப் போகும். புரொப்பெல்லரையும் தரையிலிருந்து உயர்த்தித் தரும். ஆனால் டயர் பெரிதானால் அதே பிரேக்குக்குப் பிடிமானம் குறையும். பெரிய டயர் போடுகிறவர்கள் பிரேக்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரையும் பெரிதாக்க வேண்டும், அதுவும் எடைதான்.

கிட் கம்பெனிக்காரரிடம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "கால் உடைந்தால் எங்கே உடையும்?" நல்ல வடிவமைப்பில் அதிர்ச்சி தாங்கியோ ஒரு போல்ட்டோ முதலில் போகும், உடலின் குழாய்கள் நேராகவே இருக்கும். மோசமான வடிவமைப்பில் கால் தன்னோடு உடலின் அடிக்குழாயையும் முறுக்கிக்கொண்டு போகும். போல்ட்டை ஆற்றங்கரையிலேயே மாற்றிவிடலாம். குழாய் முறுக்கிக்கொண்டால் விமானத்தையே ஹெலிகாப்டரில் கட்டித் தூக்கித்தான் கொண்டுவர வேண்டும். எங்கள் ஹேங்கருக்கு அப்படி வந்து சேர்ந்தவற்றைப் பழுது பார்த்த பிறகுதான் இந்தக் கேள்வியை நான் எல்லோரிடமும் வலியுறுத்த ஆரம்பித்தேன்.

எந்தப் பொருளில் செய்தது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். குரோமோலி என்னும் உறுதியான கலப்பு ஸ்டீல் குழாய்ச் சட்டத்தின் மேல் பாலியெஸ்டர் துணி போர்த்திய விமானம் காட்டுக்கு இன்றும் நிகரற்றது. துணி கிழிந்தால் ஒட்டுப் போடலாம். 2009-இல் இங்கே ஒரு கரடி துணி விமானம் ஒன்றை நார்நாராகக் கிழித்துவிட்டது. விமானி டக்ட் டேப் வரவழைத்து, சுற்றிச் சுற்றி ஒட்டி, அதிலேயே பறந்து வீடு வந்தார். அலுமினியத் தகடு வெயில் மழைக்கு அஞ்சாது. வெளியிலேயே நிறுத்துகிறவர்களுக்கு அது நல்லது, ஒரு பக்கத்திலிருந்தே அடிக்கும் பாப் ரிவெட்டுக்கான துப்பாக்கி இருந்தால் சின்னக் கிழிசலைத் தைக்கலாம். முழு ஃபைபர் விமானம் அழகாக, வேகமாக இருக்கும். உள்ளே அடிபட்டது வெளியே தெரியாது என்பதால் காட்டுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

இனி கிட்டுகள். ஜெனித் சிஹெச் 701, அதன் பெரிய தம்பி சிஹெச் 750: கிறிஸ் ஹைன்ட்ஸ் வடிவமைத்தவை, மிசூரி மாநிலத்திலிருந்து வருகின்றன. முழு அலுமினியம், பாப் ரிவெட். புதிதாகக் கட்டுகிறவருக்கு இதைவிட எளிதானது கிடைக்காது. இறக்கையின் முன் விளிம்பில் நிலையான ஸ்லாட், அதாவது சிறு இடைவெளி விட்டுப் பொருத்திய குறுகிய தகடு, இருப்பதால் நின்றபடியே மிதப்பது போல இறங்கும். அதே ஸ்லாட் பறக்கும்போது காற்றை இழுத்துப் பிடிப்பதால் வேகம் குறைவு. வழக்கமாக மூக்குச் சக்கரத்தோடு வருவதும் என் கணக்கில் ஒரு குறை. ஐடஹோவிலிருந்து வரும் கிட்ஃபாக்ஸ் துணியும் குழாயும் சேர்ந்தது. இறக்கையை மடித்து டிரெய்லரில் வீட்டுக்கே கொண்டுபோகலாம். ஹேங்கர் வாடகை கட்ட முடியாதவருக்கு அது வரம். தனியாகவோ, எடை குறைந்த துணையோடோ, குறைந்த சாமானோடோ பறப்பவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஜஸ்ட் ஏர்கிராஃப்டின் சூப்பர்ஸ்டோல் தானே வெளிவரும் ஸ்லாட்டும் நீண்ட அதிர்ச்சி தாங்கிக் கால்களும் கொண்டது. குறுந்தூரத்தில் அசத்தும். ஆனால் ஸ்லாட் விமானங்களை மூக்கைத் தூக்கி, என்ஜின் பலத்தில் தொங்கவிட்டுத்தான் அப்படி இறக்க முடியும். ஐம்பதடி உயரத்தில் என்ஜின் நின்றால் மிதக்காது, விழும். முதல் விமானத்துக்குச் சாதாரண இறக்கையும், அதன் பின் விளிம்பில் கீழே இறங்கும் நல்ல ஃபிளாப்பும் போதும் என்பது என் கருத்து.

சுமை தூக்க வேண்டுமா? ரான்ஸ் எஸ்-21, கார்பன் கப் இஎக்ஸ்-3, பேர்ஹாக் மூன்றையும் பாருங்கள். ரான்ஸில் துளைகள் ஆலையிலேயே துல்லியமாகப் போட்டு வருவதால் வேலை சீக்கிரம் முடியும். கார்பன் கப், பழைய பைப்பர் சூப்பர் கப்பின் வழிவந்தது, எடையைக் கிராம் கிராமாகக் குறைத்த நேர்த்தி அதில் தெரியும். 907 கிலோ வரம்பு, 180 குதிரைத்திறனுக்கு மேல் என்ஜின். விலைதான் கண்ணைக் கட்டும். பாப் பேரோஸின் பேர்ஹாக் நான்கு இருக்கை விமானம், வரம்பு 1,134 கிலோ. ஸ்டீல் குழாய் உடல், அலுமினிய இறக்கை. குடும்பத்தோடு காட்டுக்குப் போகிறவர்களுக்கு வேறு எதையும் நான் சொல்லமாட்டேன். கட்ட ஆண்டுக்கணக்கில் ஆகும், மனம் தளராதவர்கள்தான் எடுக்க வேண்டும்.

என்ஜினில் இரண்டு வழி. ரோட்டாக்ஸ் 912 லைகமிங் ஓ-320-ஐவிட மிகவும் இலகுவானது, கார் பெட்ரோலிலும் ஓடும். விமான எரிபொருள் கிடைக்காத சிற்றூர்களில் அந்த ஒன்றே பெரிய உதவி. காலையில் எண்ணெய் அளவு பார்க்க, புரொப்பெல்லரைக் கையால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணெய்த் தொட்டியில் களகளவென்று சத்தம் கேட்ட பிறகு பார்க்கும் அளவுதான் சரி. லைகமிங் கனம், தாகமும் அதிகம். ஆனால் அலாஸ்காவில் எந்த மூலையிலும் அதன் பாகமும், அதைத் தெரிந்த ஆளும் கிடைப்பார்கள். சுமை விமானத்துக்கு லைகமிங்தான். கார் என்ஜினை மாற்றிப் போடுவதைக் காட்டு விமானத்தில் செய்யாதீர்கள். எதுவானாலும் குளிரில் சூடேற்றாமல் ஸ்டார்ட் பண்ணக் கூடாது, என்ஜின் போர்வையையும் இறக்கை உறைகளையும் எடைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

பணம் கட்டுமுன் அந்த விமானத்தில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள், அதுவும் குளிர்கால உடுப்போடு. இங்கே எல்லோரும் போடும் தடித்த வெள்ளை ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, வாலிலுள்ள ரடரைத் திருப்பும் பெடலை முழுதாக மிதியுங்கள். பூட்ஸ் நுனி பக்கத்துக் குழாயிலோ பிரேக் பெடலிலோ இடிக்கிறதா? ஜாக்கெட்டோடு, விமானம் ஓட்டும் குச்சியை வயிற்றுவரை பின்னால் இழுக்க முடிகிறதா? ஓஷ்கோஷில் ஆண்டுதோறும் நடக்கும் பெரிய விமானக் கண்காட்சியில் ஜூலை வெயிலில் டீ-ஷர்ட்டோடு ஏறிப் பார்த்தால் இது தெரியாது. முடிந்தால் அதன் சொந்தக்காரர் ஒருவரோடு திட்டில் இறங்கிப் பாருங்கள். இறங்கியதும் அவர் குனிந்து புரொப்பெல்லர் விளிம்பை விரலால் தடவுவார். கல் பட்ட வடு இருந்தால் அரம் போட்டு வழுவழுப்பாக்கிவிட்டுத்தான் ஏறுவார்.

அமெரிக்கச் சட்ட விஷயம் சுருக்கமாக. கட்டும் வேலையில் பெரும்பங்கை, பேச்சு வழக்கில் 51 சதவீதம் என்பார்கள், தாங்களே கற்கவும் மகிழவும் கட்டுகிற ஆட்கள் செய்திருக்க வேண்டும். பூர்வாங்கச் சோதனைப் பறப்பு வழக்கமாக 25 அல்லது 40 மணி நேரம். அதில் பயணி கூடாது. காசுக்கு ஆளோ சரக்கோ எப்போதுமே ஏற்றக் கூடாது. நீங்களே கட்டினால் ஆண்டுச் சோதனையை நீங்களே செய்யும் சான்றிதழ் கிடைக்கும். கட்டி முடித்ததை வாங்கினால் கட்டியவருக்கான அந்தச் சான்றிதழ் கிடைக்காது, பெரும்பாலும் என்னைப் போன்ற மெக்கானிக்கைத் தேட வேண்டும். பாதியில் விட்ட கிட்டை மலிவாக வாங்கினால், முந்தையவர் எடுத்த படங்களும் வேலைக் குறிப்பேடும் இல்லாமல் தொடாதீர்கள்.

முழுப் பணத்தையும் ஒரே தடவையில் கட்டாதீர்கள். கிட் உலகின் பெரிய பெயரான வேன்ஸ் நிறுவனமே 2023 டிசம்பரில் திவால் பாதுகாப்புக் கோரியது. முன்பணம் கட்டிக் காத்திருந்தவர்கள் கூடுதல் விலைக்கு ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பல நிறுவனங்கள் பகுதி பகுதியாக விற்கின்றன. வால் பகுதியை மட்டும் முதலில் வாங்குங்கள். ஜெனித்தில் இரண்டு நாள் பட்டறையில் அவர்கள் ஆலையிலேயே உட்கார்ந்து ரடரைக் கட்டிப் பார்க்கலாம். அந்த வேலை பிடித்திருந்தால் இறக்கைக்குப் போங்கள். என்ஜினைக் கடைசியாக வாங்குங்கள், சீக்கிரம் வாங்கினால் உத்தரவாதக் காலம் பெட்டிக்குள்ளேயே ஓடிவிடும், ஓடாத என்ஜினின் உள்ளே துருவும் ஏறும்.