பிஎச்பி: ப்ராப்பர்ட்டிக்கு எழுதிவைத்த டைப்பை ஓடும்போதே எடுப்பது எப்படி?

ப்ராப்பர்ட்டி என்பது க்ளாஸுக்குள் வைக்கும் வேரியபிள். அதன் உள்ளே இப்போது இருக்கும் மதிப்பின் டைப் வேறு, நாம் க்ளாஸில் எழுதிவைத்த டைப் வேறு. கெட்டைப் ஃபங்ஷன் முதலாவதை மட்டுமே சொல்லும். இரண்டாவதுக்கு ரிஃப்ளெக்ஷன் வேண்டும், அதாவது ஓடும்போதே கோடின் அமைப்பைப் பார்க்க பிஎச்பி தரும் வசதி. பிஎச்பி 7.4க்குக் கீழே முயல வேண்டாம். ப்ராப்பர்ட்டிக்கு டைப் எழுதும் வசதியே அதில்தான் வந்தது.

'பில்' என்று ஒரு க்ளாஸ் எழுதுங்கள். அதில் ஃப்ளோட் டைப்பில் $தொகை, முன்னால் கேள்விக்குறி போட்ட இன்ட் டைப்பில் $தள்ளுபடி. (தமிழ்ப் பெயர்களை பிஎச்பி தாராளமாக ஏற்கும்.)

1. ரிஃப்ளெக்ஷன்ப்ராப்பர்ட்டி ஆப்ஜெக்ட்டை நியூ போட்டு உருவாக்குங்கள். முதல் ஆர்கியுமென்ட் 'பில்', இரண்டாவது 'தொகை'. டாலர் குறியையும் சேர்த்துக் கொடுத்தால், அப்படியொரு ப்ராப்பர்ட்டியே இல்லை என்று எக்ஸெப்ஷன் வரும்.

2. அந்த ஆப்ஜெக்ட்டின் கெட்டைப் மெத்தடை அழையுங்கள். ஃபங்ஷனுக்கும் இதற்கும் ஒரே பெயர். குழப்பத்தில் பாதி இதனால்தான். டைப் எழுதாத ப்ராப்பர்ட்டி என்றால் நல் (null, 'எதுவும் இல்லை' என்ற மதிப்பு) வரும், அதை முதலில் சோதியுங்கள்.

3. வந்ததன்மேல் கெட்நேம் அழைத்தால் 'ஃப்ளோட்' கிடைக்கும்.

$தொகைக்கு இன்னும் மதிப்பே கொடுக்கவில்லை என்றாலும் இது வேலை செய்யும். கெட்டைப் ஃபங்ஷனிடம் அதைக் கொடுத்திருந்தால், மதிப்பு வைக்கும் முன் தொடக்கூடாது என்று எரர் வந்து நின்றிருக்கும். மதிப்பு இருந்தாலும் அது 'டபுள்' என்றுதான் சொல்லும், இன்ட்டுக்கு 'இன்டீஜர்' என்று. இதையும் கெட்நேம் தந்ததையும் நேராக ஒப்பிட்டால் ஒருநாளும் பொருந்தாது. 8.0இல் வந்த கெட்_டீபக்_டைப் ஃபங்ஷன் 'ஃப்ளோட்', 'இன்ட்' என்றே தரும். ஒப்பிட அதுதான் சரி.

$தள்ளுபடிக்கு கெட்நேம் வெறும் 'இன்ட்' என்றே தரும், கேள்விக்குறியை விட்டுவிடும். நல் ஏற்குமா என்பதை அலவ்ஸ்நல் மெத்தடில் கேளுங்கள். திரையில் காட்டினால் போதும் என்றால் டைப் ஆப்ஜெக்ட்டை ஸ்ட்ரிங்காக காஸ்ட் செய்யுங்கள் (மாற்றுங்கள்), 8.0 முதல் கேள்விக்குறியோடு வரும்.

8.0 முதல் இன்ட்|ஸ்ட்ரிங் (இரண்டில் ஏதாவது ஒன்று) போன்ற யூனியன் டைப்பும் எழுதலாம். அப்போது கிடைப்பது ரிஃப்ளெக்ஷன்யூனியன்டைப். அதற்கு கெட்நேம் கிடையாது, அழைத்தால் எரர். கெட்டைப்ஸ் மெத்தடில் பட்டியலை வாங்கி ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஃபங்ஷனுக்குள் உருவாக்கும் சாதாரண வேரியபிளுக்கு இந்த வழி உதவாது. பிஎச்பியில் அதற்கு டைப் எழுதவே இடமில்லை. பாராமீட்டருக்கு எழுதலாம், அதை ரிஃப்ளெக்ஷன்பாராமீட்டர் காட்டும்.