மொத்தம் 195 என்றால் நிம்மதியா?

கொழுப்பு டெஸ்ட் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எங்கள் பக்கத்தில் பலரும் ஒரே ஒரு எண்ணைத்தான் தேடுகிறார்கள். மொத்தக் கொலஸ்ட்ரால் 200-க்குள் இருந்தால் ரிப்போர்ட் பீரோவுக்குப் போய்விடும். வேலூரில் இருக்கும் என் மாமாவும் அதைத்தான் செய்தார். அவருக்கு மொத்தம் 195. ஆனால் நல்ல கொழுப்பான எச்.டி.எல். 31, ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 290. மொத்தத்தில் எச்.டி.எல்.-ஐக் கழித்தால் 164 வருகிறது. ரத்தக்குழாய்ச் சுவரில் படியக்கூடிய கொழுப்பெல்லாம் இந்த 164-க்குள்தான் அடங்கியிருக்கிறது. பொதுவாக இது 130-க்குள் இருக்க வேண்டும். மாமாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை நோய் வேறு. அப்படிப்பட்டவர்களுக்கு இன்னும் குறைய வேண்டும். எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்புக்கும் இதே கதைதான்: மற்றவர்களுக்கு 100-க்குள் இருந்தால் நல்லது, ஒருமுறை மாரடைப்பு வந்தவருக்கு 70-க்கும் கீழே. ஆகவே உங்கள் எண் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை டாக்டரிடமே கேளுங்கள். ரிப்போர்ட்டின் ஓரத்தில் 'நார்மல்' என்று அச்சடித்திருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

அடுத்த தவறு சாப்பாட்டில். "கறியை விட்டுட்டேன், அப்புறமும் ஏன் ஏறுது?" என்று மாமா கேட்டார். உடம்பில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைக் கல்லீரலே தயாரிக்கிறது. கறியை விட்டவர் மதியம் சோற்றைக் கூட்டிக்கொண்டார், மூன்று வேளையும் சர்க்கரை போட்ட காபி, ஆற்காடு போய் வரும்போதெல்லாம் அரை கிலோ மக்கன் பேடா. ட்ரைகிளிசரைடு ஏறுவதற்கு அரிசியும் சர்க்கரையும் மதுவும் போதும். ஆம்பூர் பிரியாணியிலும் கறித்துண்டை ஒதுக்கிவிட்டுக் குவியலாகச் சோற்றைச் சாப்பிடுவதில் லாபமில்லை. மாதம் ஒருமுறை அரை பிளேட், கூட வெங்காயப் பச்சடி என்றால் நானே சாப்பிடுவேன். தினசரித் தட்டில்தான் மாற்றம் வேண்டும்: சோறு பாதியாகட்டும், அந்த இடத்தில் கொள்ளு, காராமணி, கீரை, வெண்டைக்காய், நம்ம ஊர் முள்ளுக் கத்தரிக்காய். இவற்றில் உள்ள நார்ச்சத்தில் ஒரு பகுதி குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்றுகிறது. அதை ஈடுகட்டப் புதிதாகப் பித்த அமிலம் தயாரிக்கக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்கிறது. கத்தரிக்காயை எண்ணெயில் மிதக்கவிட்டால் மட்டும் கணக்கு மாறிவிடும்.

எண்ணெய் பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று போட்டிருந்தால் அதில் மயங்க ஒன்றுமில்லை. கொலஸ்ட்ரால் என்பது விலங்குப் பொருட்களில் இருப்பது. எந்தத் தாவர எண்ணெயிலும் அது பேருக்குக்கூட இருக்காது. பார்க்க வேண்டியது எல்.டி.எல்.-ஐ ஏற்றிவிடும் நிறைவுற்ற கொழுப்பை. தேங்காய் எண்ணெயில் அது சுமார் 90 சதவீதம், பாமாயிலில் ஏறக்குறைய பாதி, கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்குள். அதற்காகக் கடலை எண்ணெயை ஊற்றிச் சமைக்கலாம் என்று அர்த்தமில்லை. ஒருவருக்கு மாதம் அரை லிட்டர், அவ்வளவுதான்.

எனக்கு அதிகம் வலிப்பது மாத்திரை விஷயம். குடியாத்தத்தில் இருக்கும் என் அக்காவுக்கு ஸ்டாட்டின் மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் எல்.டி.எல். 168-லிருந்து 92 ஆனது. "சரியாயிடுச்சே" என்று அவளாகவே நிறுத்திவிட்டாள். அடுத்த டெஸ்டில் பழைய இடத்துக்கே வந்து நின்றது. அந்த 92 மாத்திரை கொடுத்த எண். ஸ்டாட்டின், கல்லீரலில் கொலஸ்ட்ரால் உருவாவதைத் தடுக்கிறது. நிறுத்தினால் சில வாரங்களிலேயே உற்பத்தி பழையபடி தொடங்கிவிடும். தசைவலி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அக்கா விஷயத்தில் இன்னொன்றையும் நாங்கள் கவனிக்கவில்லை. மாதவிடாய் நிற்கும் வயதில் பெண்களுக்கு எல்.டி.எல். ஏறுவது வழக்கம். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் ஏறும். மாத்திரை தொடங்கும் முன்பே தைராய்டும் பார்த்துவிடுவது நல்லது.

நடையை விடவே கூடாது. வேலூர்க் கோட்டை அகழியை ஒட்டி நடப்பவர்கள் ஏப்ரல், மே வெயிலில் காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை வேண்டும்.

எல்.டி.எல். 190-ஐத் தாண்டியிருந்தாலோ, கண் இமையோரம் மஞ்சள் திட்டு தெரிந்தாலோ, அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55 வயதுக்கு முன்பே மாரடைப்பு வந்திருந்தாலோ, அது குடும்பத்தில் வரும் கொழுப்பாக இருக்கலாம். அப்படியானால் டெஸ்ட் உங்களோடு முடியாது. தம்பி, தங்கைகளையும் பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள்.