சியெங் தோங் கோயிலில் நம்மவர்கள் செய்யும் தவறுகள்

லாவோஸின் பழைய தலைநகரான லுவாங் பிரபாங்கில், கான் ஆறு மேகோங் ஆற்றோடு கலக்கும் முனையில் இருக்கிறது வாட் சியெங் தோங் என்ற புத்தர் கோயில். மன்னர் செத்தாதிராத் 1559-60-இல் கட்டியது. அந்தக் காலத்தில்தான் அவர் தலைநகரை வியன்டியனுக்கு மாற்றினார். 1887-இல் ‘கறுப்புக் கொடி’ என்ற கொள்ளைப் படையினர் நகரத்தைச் சூறையாடியபோதும் இந்தக் கோயில் தப்பியது. அரச குடும்பத்தாரும் விருந்தினர்களும் படகில் வந்து இறங்கி ஏறிய படிக்கட்டு ஆற்றங்கரையில் இன்றும் இருக்கிறது.

பிறந்ததிலிருந்து கோயிலுக்குப் போய் வருகிறவர்கள் நாம். செருப்பைக் கழற்றச் சொல்லி நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். ஆனால் ஊரில் பக்தியோடு செய்யும் சில காரியங்களே அங்கே பிழையாகிவிடுகின்றன.

முதலாவது, தொடுவது. பெரியவர்களைக் கண்டால் காலைத் தொட்டுக் கும்பிடுவது நமக்கு இயல்பு. அங்கே பெண்கள் பிக்குவைத் தொடக் கூடாது, அவருடைய காவி உடைகூடப் படக் கூடாது. எதையாவது கொடுக்க வேண்டுமென்றால் அவர் முன்னால் கீழே வைத்துவிடலாம், அல்லது கூட வரும் ஆண் கையில் கொடுத்துக் கொடுக்கச் சொல்லலாம். கைகூப்பினால் போதும், லாவோ மக்களும் அப்படித்தான் வணங்குகிறார்கள். பத்து, பன்னிரண்டு வயதுச் சாமணேரர்களை, அதாவது துறவுப் பயிற்சியில் இருக்கும் சிறுவர்களைப் பார்த்ததும் வாஞ்சையாகத் தலையைத் தடவத் தோன்றும். தடவாதீர்கள். தலை அங்கே உடம்பில் மிக உயர்ந்த இடம், கால் மிகத் தாழ்ந்தது. அதனால் புத்தர் சிலைக்கு நேரே காலை நீட்டி உட்காருவதும் கூடாது. மண்டியிட்டோ, காலைப் பக்கவாட்டில் மடக்கியோ உட்காருங்கள்.

சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். உட்சுவரின் கறுப்புப் பூச்சில் பொன்னால் பதித்த உருவங்கள் இருக்கின்றன. கை வியர்வை படப்பட அவை மங்கும்.

மூல மண்டபத்துக்கு 'சிம்' என்று பெயர். எல்லையைக் குறிக்கும் 'சீமா' என்ற பாலிச் சொல்லிலிருந்து வந்தது, நம் சீமைக்கும் அதுதான் வேர். இதன் வெளிச்சுவரில் கண்ணாடிச் சில்லுகள் பதித்த ஒரு யானைத் தலை இருக்கிறது. நம்மவர்கள் அதைப் பிள்ளையார் என்று நினைத்துத் தோப்புக்கரணம் போடக்கூடும். உள்ளே புத்தருக்குச் செய்யும் நீராட்டின் தண்ணீர் வெளியே வரும் வாய் அது. நம் கருவறைச் சுவரின் கோமுகியை நினைத்துக்கொண்டால் சட்டென்று புரிந்துவிடும்.

அங்கே கண்ணில் படுவதெல்லாம் ஒரே வயது என்று எண்ணுவது அடுத்த தவறு. தரையைத் தொடுவதுபோல அடுக்கடுக்காக இறங்கும் கூரையைக் கொண்ட சிம் பழையது. எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும், பின்சுவரில் கண்ணாடிச் சில்லுகளால் ஆன மரத்தின் உருவமோ 1960-ஐ ஒட்டிச் செய்யப்பட்டது. அருகிலுள்ள சிவப்புச் சிற்றாலயத்தின் வெளிச்சுவரில் நிறக் கண்ணாடியால் ஆன கிராமக் காட்சிகள் 1950களின் இறுதியில், புத்தர் பரிநிர்வாணம் அடைந்த 2,500-ஆம் ஆண்டை நினைத்துப் பதிக்கப்பட்டவை. வெளிச்சுவரோடு திரும்பிவிடாமல் உள்ளே எட்டிப் பாருங்கள். சாய்ந்து படுத்திருக்கும் அந்த வெண்கலப் புத்தர் 1931-இல் பாரிஸ் கண்காட்சிக்குப் போனவர், 1964-இல்தான் லுவாங் பிரபாங்குக்குத் திரும்பி வந்தார்.

வாசலை ஒட்டிய தேர் மண்டபத்தை அவசரமாகக் கடந்து போவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். 1959-இல் மறைந்த மன்னர் சிசவாங் வோங்கின் இறுதி ஊர்வலத் தேர் அங்கே நிற்கிறது. ஏறத்தாழ 12 மீட்டர் உயரம், முகப்பில் நாகத் தலைகள். மண்டபத்தின் பொன்பூசிய மரப்பலகைகளில் இராமாயணக் காட்சிகள். பிள்ளைகளுக்குக் கதை சொல்ல நல்ல இடம்தான், ஆனால் நமக்குத் தெரிந்த கதையை அப்படியே சொல்லிவிடக் கூடாது. லாவோ மரபில் இராமன் புத்தரின் முற்பிறப்பு, கதை நடப்பது மேகோங் கரையில்.

விடியற்காலைப் பிச்சை ஊர்வலத்தில்தான் தவறுகள் அதிகம் நடக்கின்றன. தாக் பாத் என்பார்கள், பாத்திரம் என்ற சொல்லின் மறுவடிவம்தான் அந்தப் பாத். பிக்குகள் வெறுங்காலோடு வரிசையாக வருவார்கள், ஊர்ப் பெண்கள் தெருவோரம் மண்டியிட்டு ஒட்டரிசிச் சோற்றை ஒரு பிடி ஒரு பிடியாகப் போடுவார்கள். அது அவர்களுடைய அன்றாட வழிபாடு. வரிசைக்குள் புகுந்து செல்ஃபி எடுப்பதும், ஃபிளாஷ் அடிப்பதும், முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுவதும் நம் வீட்டுப் பூஜையறைக்குள் அந்நியர் நுழைவதற்குச் சமம். எதிர்ப்பக்கம் தள்ளி நின்று, பேசாமல் பாருங்கள். சோறிட மனமிருந்தால் மட்டும் உட்காருங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும், தலை பிக்குவைவிடத் தாழ்ந்திருக்கட்டும். தெருவில் கையில் திணிக்கும் பொட்டலங்களை வாங்காமல், தங்கும் விடுதியில் முந்தைய நாளே சொல்லி அன்று வடித்த சோற்றை வாங்கிக்கொள்வது நல்லது. பிக்குகள் சாப்பிடப்போவது அதைத்தான், நண்பகலுக்குப் பிறகு அவர்களுக்கு உணவு கிடையாது. பிக்கு நன்றி சொல்லவில்லையே என்று முகம் வாட வேண்டாம். கொடுக்கும் வாய்ப்பைப் பெற்றவர் கொடுத்தவர்தான் என்பது அவர்கள் எண்ணம்.

மார்ச், ஏப்ரலில் மலைக்காடுகளில் தீ வைத்து நிலம் திருத்துவார்கள், புகையில் ஆறே தெரியாமல் போகும். இயன்றால் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். ஏப்ரல் நடுவில், நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி அவர்களுக்கும் புத்தாண்டு. தெருவெங்கும் தண்ணீர் ஊற்றுவார்கள், கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டுவையுங்கள்.

பழைய புத்தர் சிலை என்று யாராவது காட்டினால் வாங்காதீர்கள், நாட்டை விட்டு எடுத்துப்போகச் சட்டம் இடம் தராது. நகரின் நடுவே உள்ள ‘பூசி’ என்ற குன்றின் படிகளில் சின்னஞ்சிறு மூங்கில் கூண்டுகளில் குருவி விற்பார்கள், திறந்துவிட்டால் புண்ணியம் என்பார்கள். நீங்கள் ஒன்றை விடுவித்தால் நாளைக்கு விற்க இன்னொன்றைப் பிடித்து வருவார்கள். அதற்குக் கொடுக்கவிருந்த கிப் (லாவோஸ் பணம்) நோட்டைக் கோயில் உண்டியலில் போடுங்கள்.