நச்சுப் பாசியும் கோபிபாடும்: சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோபிபாடுகளுக்கு (துடுப்புக்காலிகள் என்னும், நீரில் மிதந்து பாசி தின்னும் நுண்ணிய ஓட்டுயிர்களுக்கு) நச்சுப் பாசி கொடுத்துப் பார்க்கும் புதியவர்கள் வெப்பநிலையிலும் உப்புத்தன்மையிலும் பெரும்பாலும் தவறுவதில்லை. சோதனையை அமைக்கும்போதுதான் அதே பழைய பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

பட்டினியை நஞ்சு என்று எழுதுவது

அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள மெயின் வளைகுடாவில் சாக்சிடாக்சின் என்னும் நரம்பு நஞ்சைச் சுரக்கும் அலெக்சாண்ட்ரியம் கேட்டனெல்லா என்ற பாசியை மட்டும், அக்கார்ஷியா என்ற கோபிபாடின் பெண் விலங்குகளுக்குக் கொடுக்கிறார்கள். முட்டை குறைந்ததும் "நஞ்சின் விளைவு" என்று முடிவுரை எழுதிவிடுகிறார்கள். விலங்கு தின்ன மறுத்திருக்கலாம், தின்றும் சத்துப் போதாமல் போயிருக்கலாம், நஞ்சே தாக்கியும் இருக்கலாம். இந்த மூன்றில் எது என்று அந்த ஒரு குப்பி சொல்லாது. வாரக்கணக்கில் வளர்த்த பாசியும் விலங்குகளும் வீணாவதைப் பார்க்க எரிச்சல்தான் வருகிறது.

நல்ல உணவான ரோடோமோனஸ் என்னும் நஞ்சில்லாப் பாசியுடன் நச்சுப் பாசியை 0, 25, 50, 75, 100 விழுக்காடாகக் கலந்து கொடுங்கள். உணவின் அளவைக் காட்டும் மொத்தக் கார்பன் எல்லாக் குப்பியிலும் ஒன்றாக, லிட்டருக்கு 500 மைக்ரோகிராம் என்பதுபோல, இருக்கட்டும். வடிகட்டிய கடல்நீர் மட்டும் உள்ள பட்டினிக் குப்பியும், விலங்கில்லாத குப்பியும் கட்டாயம் வேண்டும். 0, 100 ஆகிய இரு முனைகளின் முட்டை எண்ணிக்கையை ஒரு நேர்கோட்டால் இணையுங்கள். கலவைகளின் முட்டை கோட்டுக்குக் கீழே விழுந்தால் நஞ்சைச் சந்தேகிக்கலாம். கோட்டிலேயே இருந்தால் அது சத்துக்குறைந்த உணவு, அவ்வளவே. கோட்டைத் தாண்டி உயர்ந்தால் இரண்டு உணவும் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகின்றன. தின்ற அளவையும் எண்ணினால்தான் மறுப்பைப் பிரித்தறிய முடியும்.

செல் எண்ணிக்கையைச் சமப்படுத்துவது

அலெக்சாண்ட்ரியம் செல் ஏறக்குறைய 30 மைக்ரோமீட்டர், ரோடோமோனஸ் 7 அல்லது 8. எண்ணிக்கையைச் சமமாக்கினால் ஒரு குப்பிக்குப் பல பத்து மடங்கு உணவு போய்விடும்.

நஞ்சைத் தொடக்கத்தில் மட்டும் அளப்பது

கோபிபாடுகள் கசியவிடும் கோபிபாடமைடு என்னும் கொழுப்புப் பொருள்கள் அலெக்சாண்ட்ரியத்தின் நஞ்சைக் கூட்டுகின்றன. இது 2015இல் வெளிவந்த ஆய்வு. ஆகவே முடிவிலும் அளந்து, விலங்கில்லாத குப்பியோடு ஒப்பிடுங்கள். நெடுநாள் வளர்ப்பில் சில பாசி வகைகள் நஞ்சை இழப்பதும் உண்டு.

ஓரிடத்து விலங்கை வைத்து இனத்துக்கே தீர்ப்பு

நச்சுப் பாசிப் பெருக்கத்தோடு நெடுங்காலம் பழகிய மெயின் கரையின் அக்கார்ஷியா ஹட்சோனிக்கா, அந்தப் பழக்கமில்லாத நியூ ஜெர்சிக் கூட்டத்தைவிட நச்சுப் பாசியை நன்றாகத் தின்கிறது. பிடித்த இடத்தைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

முட்டையைத் தாயோடு விடுவது

தாயே அதைத் தின்றுவிடும். முட்டை மட்டும் கீழே விழும் வலையடித்தட்டு வையுங்கள்.

குப்பியில் காற்றுக்குமிழி

விளிம்புவரை நிரப்பி மூடுங்கள்.